உலகமே ஒரு மயக்குக் கூட்டமா?

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் காலியாகும் நேரத்தில், நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தகப்பனார் தம் மகனை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். மகனுக்கு 22 வயது. பட்டப் படிப்பை முடித்தவர். கிடைத்த வேலையை நான்கே மாதத்தில் விட்டுவிட்டார். உறவினர் வீட்டு நிக்காஹ்களுக்கு வருவதில்லை. பெருநாளைக்குப் புதுத்துணி வேண்டாம் என்றுவிட்டார். இவையெல்லாம்கூடத் தகப்பனாருக்குப் பெரிதாகப் படவில்லை. ஜும்ஆவைத் தவிர மற்றத் தொழுகைகளுக்குப் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டு, மாடி அறையில் தனியாகத் தொழ ஆரம்பித்ததுதான் அவரைக் கலக்கியிருந்தது.

"ஏன் தம்பி?" என்று கேட்டோம்.

"ஹஸரத், இந்தச் சமுதாயமே ஒரு கல்ட். என்ன உடுக்க வேண்டும், என்ன வாங்க வேண்டும், எதற்கு வெட்கப்பட வேண்டும் என்று பிறந்தது முதல் யாரோ நமக்கு ஓதிக்கொண்டே இருக்கிறார்கள். மீறினால் ஒதுக்கிவிடுகிறார்கள். தலைவனுக்கு மயங்கிக் கிடக்கும் கூட்டங்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?" என்றார்.

தகப்பனார் தலையில் அடித்துக்கொண்டார். நமக்கோ அந்தக் கேள்வி அலட்சியப்படுத்தத் தக்கதாகத் தோன்றவில்லை. பதில் சொல்லச் சில நாள் அவகாசம் கேட்டு அனுப்பினோம். அந்த நாட்களில் கிதாபுகளைப் புரட்டியதில் கிடைத்ததையும், பிறகு நடந்ததையும் இங்கே எழுதுகிறோம். இதே கேள்வி வேறு வீடுகளிலும் பிள்ளைகளின் மனத்தில் இருக்கக்கூடும்.

'கல்ட்' என்ற சொல்லை நாம் மயக்குக் கூட்டம் என்றே இக்கட்டுரையில் குறிப்பிடுவோம். அதற்கு உலகம் அறிந்த உதாரணம், தென் அமெரிக்காவில் கயானா நாட்டின் காட்டுக்குள் ஜோன்ஸ்டவுன் என்ற குடியிருப்பில் நடந்தது. ஜிம் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பாதிரி ஒருவர் 1950களில் ஒரு சபையைத் தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வரிசையில் அமர்ந்தார்கள். ஏழைகளுக்குச் சோறு போட்டார்கள். தொடக்கம் இவ்வளவு அழகாகவே இருந்தது. முடிவில் 1978 நவம்பர் 18ஆம் தேதி, அவருடைய கட்டளைப்படி சயனைடு கலந்த பானத்தால் 900க்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 300 பேர் சிறுவர்கள். அவர்களுக்குப் பெரியவர்களே புகட்டினார்கள்.

இதைப் படித்தபோது நமக்கு ஸஹீஹுல் புகாரியிலும் முஸ்லிமிலும் அலீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு படைப் பிரிவை அனுப்பி, அதற்கு ஒருவரைத் தலைவராக்கி, அவருக்குக் கீழ்ப்படியுமாறு சொல்லி அனுப்பினார்கள். வழியில் அந்தத் தலைவருக்கு ஏதோ கோபம். விறகு சேர்க்கச் சொன்னார், சேர்த்தார்கள். தீ மூட்டச் சொன்னார், மூட்டினார்கள். "எனக்குக் கீழ்ப்படியுமாறு உங்களுக்குக் கட்டளை இல்லையா? இதில் நுழையுங்கள்" என்ற பொருளில் சொன்னார். தோழர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நெருப்பிலிருந்து தப்பிக்கத்தானே நாம் நபியிடம் ஓடி வந்தோம் என்று அவர்களுக்குள் பேச்சு எழுந்தது. அதற்குள் தீயும் தணிந்தது, தலைவரின் கோபமும் தணிந்தது. செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள், அதில் நுழைந்திருந்தால் அதிலிருந்து ஒருபோதும் வெளியேறியிருக்க மாட்டார்கள் என்றும், கீழ்ப்படிதல் நற்செயலில் மட்டுமே என்றும் விளக்கினார்கள்.

விறகு சேர்க்கும் வரையில் இரண்டு நிகழ்ச்சிகளும் ஒன்றுபோலத்தான் செல்கின்றன. தீயின் விளிம்பில் தோழர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களே, அந்த ஒரு கணத்தில்தான் வேறுபாடு இருக்கிறது. இதைப் பிறகு மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் காட்டிய படிகள்

மயக்குக் கூட்டம் ஒரு மனிதனை எப்படிப் பிடிக்கிறது என்பதை ஆராய்ந்து நம் இமாம்களில் ஒருவர் 900 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 483இல் (கி.பி. 1090) ஹஸன் இப்னு ஸப்பாஹ் பாரசீகத்தின் அலமூத் மலைக்கோட்டையைக் கைப்பற்றினார். இரண்டே ஆண்டுகளில், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைப் பக்தாது நிஜாமிய்யா மத்ரஸாவில் ஆசிரியராக அமர்த்தியிருந்த வஸீர் நிஜாமுல் முல்க் கொலை செய்யப்பட்டார். அதன்பின் கலீஃபா முஸ்தள்ஹிர் கேட்டுக்கொண்டதன் பேரில், இமாமவர்கள் ஹிஜ்ரி 488இல் பக்தாதை விட்டுப் புறப்படுமுன் எழுதிய நூலே 'ஃபளாயிஹுல் பாத்தினிய்யா' என்பது.

அது ஆட்சியாளரின் வேண்டுகோளின்படி எதிரிகளைப் பற்றி எழுதப்பட்ட நூல் என்பதை மறந்துவிடலாகாது. அதிலுள்ள ஒவ்வொரு செய்தியையும் கொண்டு இன்று வாழும் எந்தப் பிரிவினரையும் எடைபோடுவது நமது நோக்கமன்று. ஆனால் ஒரு மனம் எப்படிப் படிப்படியாகப் பிடிபடுகிறது என்று அவர்கள் வகுத்துக் காட்டிய ஒன்பது படிகள், எந்தக் காலத்து மயக்குக் கூட்டத்துக்கும் அளவுகோலாக நிற்கின்றன. இவற்றைத்தான் நாம் அந்த இளைஞருடன் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அவர் சொன்ன சமுதாயத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்பதே நமது ஏற்பாடு.

முதற்படி தஃபர்ருஸ். ஆளைப் பார்த்து எடைபோடுதல். யார் வலையில் விழுவார், யார் விழமாட்டார் என்று கூர்ந்து அறிதல். அன்றைய அழைப்பாளன் ஒருவன் ஒருவரை நோட்டமிட வாரக்கணக்கில் உழைத்திருப்பான். இன்று அந்த உழைப்புக் கூடத் தேவையில்லை. நம் கையிலிருக்கும் செல்போனில் எந்தப் படத்தில் எத்தனை விநாடி நின்றோம் என்பது வரை கணக்காகிறது. வீட்டில் பிள்ளை பிறக்கப் போகிறது என்று மாமியாருக்குச் சொல்லுமுன் தொட்டில் விளம்பரம் வந்து நிற்கிறது.

இரண்டாவது தஃனீஸ், அதாவது நெருக்கம் காட்டிப் பழக்கப்படுத்துதல். வணக்கசாலியிடம் வணக்கசாலியாகவும், கேளிக்கைப் பிரியனிடம் அவனுக்கு ஏற்றவாறும் அழைப்பாளன் நடந்துகொள்வான் என்பது இமாமவர்களின் விளக்கம். கிராஅத் கேட்பவருக்குக் கிராஅத்தையும், கிரிக்கெட் பார்ப்பவருக்குக் கிரிக்கெட்டையும் அள்ளி அள்ளிப் பரிமாறும் திரை இதே தொழிலைத்தான் செய்கிறது. ஃபேஸ்புக்கில் 'லைக்' பொத்தான் வந்தது 2009இல். நம்மைப் பாராட்ட யாரோ இருக்கிறார்கள் என்ற ஏக்கத்தை அது ஊட்டியது. எவ்வளவு தள்ளினாலும் முடியாமல் கீழே நீண்டுகொண்டே போகும் பக்க அமைப்பை 2006இல் உருவாக்கிய ஆஸா ரஸ்கின் என்பவர், தாம் செய்ததற்குப் பின்னாளில் வருத்தம் தெரிவித்திருக்கிறார்.

மூன்றாவது தஷ்கீக், சந்தேகம் கிளப்புதல். ஸூராக்களின் தொடக்கத்தில் தனி எழுத்துகள் ஏன், மாதவிடாய்ப் பெண் விட்ட நோன்பைக் களாச் செய்கிறாள், தொழுகையை ஏன் செய்வதில்லை என்பன போன்ற கேள்விகளைக் கேட்டுப் பாமரனைத் திகைக்க வைப்பார்களாம். நான்காவது தஃலீக். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஆளைத் தொங்கவிடுதல். ஐந்தாவது ரப்த், வாக்குறுதி வாங்கி நாவைக் கட்டுதல். ஆறாவது தத்லீஸ், பெரிய பெரிய ஆட்களெல்லாம் எங்கள் பக்கம்தான் என்று நம்பவைப்பதும் இதில் அடங்கும். இதற்கு விளக்கம் தேவையில்லை. எந்த நடிகர் எந்தச் சோப்பைப் போடுகிறார் என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஏழாவது படியான தல்பீஸில்தான் நாம் சற்று நிற்க வேண்டும். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு நல்ல செய்தியை முதலில் வைத்து, அதன் தோளில் ஏற்றிப் பொய்யான முடிவை உள்ளே கொண்டுவருவதே தல்பீஸ். 1929ஆம் ஆண்டு ஈஸ்டர் பண்டிகையன்று நியூயார்க் நகர வீதியில் சில இளம்பெண்கள் ஊர்வலத்தினரிடையே சிகரெட் புகைத்துக்கொண்டு நடந்தார்கள். அது பெண் விடுதலையின் தீபம் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஏற்பாடு செய்தவர் எட்வர்டு பெர்னேஸ் என்ற விளம்பர நிபுணர். அவருக்குப் பணம் கொடுத்தது ஒரு சிகரெட் கம்பெனி. பெண்ணுக்கு உரிமை வேண்டும் என்பது யாரும் மறுக்க முடியாத முற்கூற்று. ஆகவே அவள் புகைக்க வேண்டும் என்பது முடிவு! மன்திக் பாடத்தில் முதல் வருட மாணவன் பிடித்துவிடக்கூடிய தவறு இது. ஆயினும் பல நாடுகளில் பெண்களின் நுரையீரலைச் சிதைத்த ஒரு பழக்கம் பரவ இப்படிப்பட்ட சூழ்ச்சிகள் துணை செய்தன.

எட்டாவது கல்உ, ஒன்பதாவது ஸல்க். அகராதிப்படி முன்னது ஆடையைக் கழற்றுதல், பின்னது தோலை உரித்தல். முதலில் செயல் கழன்றுபோகும். பிறகு நம்பிக்கை உரிந்துபோகும் என்று இமாமவர்கள் இரண்டுக்கும் வேறுபாடு காட்டுகிறார்கள். ஸூரத்துல் அஃராஃப் 175ஆம் வசனத்தில், இறைவசனங்கள் கொடுக்கப்பட்டும் அவற்றிலிருந்து நழுவிச் சென்றவனைக் குறிக்க இதே மூலச்சொல்தான் வந்துள்ளது. இரவு ஒரு மணி வரை செல்போனைத் தடவிக்கொண்டிருப்பவருக்கு ஸுப்ஹைப் பற்றி எந்தச் சந்தேகமும் இல்லை. அது ஃபர்ளு என்று உறுதியாகவே நம்புகிறார். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. கழன்றிருப்பது ஆடைதான், தோல் இன்னும் இருக்கிறது.

ஒப்புமை எங்கே முறிகிறது?

இவ்வளவையும் கேட்டபோது அந்த இளைஞரின் முகம் மலர்ந்தது. "நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள்?" என்றார். இல்லை என்றோம்.

சிவப்பு விளக்கெரிந்தால் வண்டியை நிறுத்துகிறோம். பிள்ளைக்குத் தடுப்பூசி போடுகிறோம். இவையும் கட்டுப்பாடுகளே. ஆனால் ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லப்படுகிறது; கேட்டவனை யாரும் துரோகி என்பதில்லை. செல்போன் கம்பெனிக்காரர் நம்மை மயக்கப் பார்ப்பது உண்மை. அதை எழுதிப் பேசி வழக்குத் தொடுக்கவும் வழி திறந்தே இருக்கிறது. விளம்பரத்தை மறுத்தவர் மறுநாளும் தன் வீட்டிலேயே இருப்பார். ஜோன்ஸ்டவுனிலிருந்து வெளியேற விரும்பியவர்களை அழைத்துச் செல்ல வந்த லியோ ரையன் என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரோ விமானமருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆசை காட்டி இழுப்பதும், கதவைப் பூட்டி வைப்பதும் ஒன்றாகா. கடைவீதியில் நடப்பது பெரும்பாலும் முன்னது. அது தீமையற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. பெயர் வேறு, மருந்தும் வேறு.

இங்கே நாம் அந்த இளைஞரிடம் ஒரு கேள்வி கேட்டோம். "சமுதாயம் முழுவதும் கல்ட் என்று உங்களுக்கு முதலில் சொன்னது யார், தம்பி?"

அவர் பதில் சொல்லவில்லை. சொல்ல விரும்பாதவரின் மௌனமாக அது இருக்கவில்லை, சொல்லக்கூடாதவரின் மௌனமாக இருந்தது. ஐந்தாவது படியின் பெயர் நமக்கு உடனே நினைவுக்கு வந்தது. "சத்தியம் செய்திருக்கிறீர்களா?" என்றோம். தலை அசைந்தது.

பிறகு மெல்ல வெளிவந்தது. இணையத்தில் பழக்கமான ஒரு சிறு கூட்டம். அதற்கு ஓர் 'அமீர்'. அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஊர்ப் பள்ளிகளெல்லாம் கெட்டுவிட்டன, பெற்றோர் உறக்கத்தில் இருக்கிறார்கள், உண்மை தெரிந்தவர்கள் தாங்கள் மட்டுமே என்பது பாடம். மேலும் கேட்டால், அதற்குரிய நேரம் வரும் என்ற பதில். மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி அங்கே போயிருக்கிறது. கூட்டத்தைப் பற்றித் தாய் தகப்பனிடமும் சொல்வதில்லை என்று அல்லாஹ்வின் பெயரால் சத்தியம்.

எல்லோரும் மயக்கத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லியே ஒரு பிள்ளையை மயக்கியிருக்கிறார்கள். சந்தேகத்தைக் கிளப்பும் மூன்றாவது படியாகத்தான் அந்த வாசகம் அங்கே பயன்பட்டிருக்கிறது. அவர் கவனித்த குறைகள் பொய்யானவை அல்ல. உண்மையாக இருந்ததால்தான் தல்பீஸுக்கு அவை முற்கூற்றாயின.

சத்தியத்தை என்ன செய்வது?

அவரை அதிகம் வாட்டியது இதுதான். கூட்டத்தின் மீது சந்தேகம் வந்த பிறகும், அல்லாஹ்வின் பெயரை முறித்த பாவியாகிவிடுவேனோ என்ற பயத்தால் இரண்டு மாதமாக வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது நூலின் பிற்பகுதியில், அத்தகைய கூட்டத்தாருக்குச் செய்துகொடுத்த சத்தியங்களிலிருந்து வெளியேறும் வழியைத் தனியாகவே எழுதியிருப்பதைக் காட்டினோம். அதைக் கண்டதும் அவர் அழுதுவிட்டார். இதே பயம் கொண்டவர்கள் அன்றும் இருந்திருக்கிறார்கள்.

சட்டம் தெளிவானது. ஒன்றின் மீது சத்தியம் செய்தவர், அதைவிடச் சிறந்ததைக் கண்டால், சிறந்ததைச் செய்துவிட்டுச் சத்தியத்துக்குக் கஃப்பாரா கொடுக்க வேண்டும் என்பது முஸ்லிமில் வரும் ஹதீஸின் கருத்து. கஃப்பாரா எது என்பது ஸூரத்துல் மாயிதா 89ஆம் வசனத்தில் உள்ளது: 10 ஏழைகளுக்கு உணவளித்தல், அல்லது அவர்களுக்கு உடையளித்தல், அல்லது ஓர் அடிமையை விடுதலை செய்தல், இவற்றில் எதற்கும் வசதியற்றவர் 3 நாள் நோன்பு நோற்றல். வசதியிருப்பவர் நேராக நோன்புக்குப் போவது செல்லாது என்பதைப் பலர் அறிவதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் ஏழை ஒருவருக்கு ஒரு முத்து தானியம் வீதம் கொடுக்க வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் இரு வேளை வயிறார உண்ணக் கொடுத்தாலும் நிறைவேறும். நோன்பு நோற்பதாயின் ஹனஃபீயினர் 3 நாளையும் தொடர்ந்து நோற்க வேண்டும். ஷாஃபிஈயினருக்குத் தொடர்ச்சி நிபந்தனையன்று.

மறுநாள் அவர் தகப்பனாரிடம் எல்லாவற்றையும் சொன்னார். கையிலிருந்த சம்பள மிச்சத்தில் 10 ஏழைகளுக்கு உரியதைக் கொடுத்தார்.

நமக்கு விழுந்த அடி

இத்துடன் முடிந்தது என்றே நினைத்தோம். ஆனால் அவர் வியாழன்தோறும் வந்து அமரத் தொடங்கினார், கேள்விகளும் கூடவே வந்தன. ஒரு நாள், தீயின் முன் நின்ற தோழர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. சாலமன் ஆஷ் என்ற மனவியல் அறிஞர் 1951இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஒரு சோதனையைச் சொன்னோம். ஓர் அறையில் பலரை உட்காரவைத்து, எந்தக் கோடு எந்தக் கோட்டுக்குச் சமம் என்று கேட்பார்கள். சோதிக்கப்படுபவர் ஒருவர்தான், மற்றவர்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டவர்கள். அவர்கள் ஒன்றாகத் தவறான பதிலைச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கண்ணால் கண்டதை மறுத்துக் கூட்டத்தோடு சேர்ந்து சொன்னார்கள். யாரும் அவர்களை மிரட்டவில்லை. ஆனால் அறையில் வேறொருவர் மட்டும் உண்மையைச் சொன்னால் போதும், அந்தத் தவறு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டுக் கேட்டார்: "ஹஸரத், உங்கள் நிக்காஹ் தப்தரில் மஹர் எழுத இடம் இருக்கிறது. கைக்கூலி எழுத இடம் இருக்கிறதா?"

இல்லை.

கட்டளையிட ஒரு ஜிம் ஜோன்ஸ் இல்லாமலே நம் வீடுகளில் நிறைவேறும் கட்டளை அது. வாங்குபவர் "ஊர் வழக்கம்" என்கிறார், கொடுப்பவரும் அதையே சொல்கிறார். தாய்மாமன்கள் கடன் வாங்குகிறார்கள், வாப்பாமார் வீட்டை அடகு வைக்கிறார்கள். மூதாதையர் செய்தார்கள் என்பதை ஆதாரமாகக் காட்டுவோரை ஸூரத்துல் பகரா 170ஆம் வசனம் கண்டிக்கிறது; அதை நாமே குத்பாவில் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். பக்கத்து அறையில் நோட்டுகள் எண்ணப்படும் ஓசை காதில் விழ, மஹர் தொகையை மட்டும் தப்தரில் எழுதிக் கையொப்பமிட்ட நிக்காஹ்களும் நம் கணக்கில் உண்டு. அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள், வேதக்காரர்கள் தங்கள் குருமார்களை வணங்கவில்லையே என்று கேட்டபோது, அவர்கள் ஆகுமாக்கியதை ஆகுமென்றும் விலக்கியதை விலக்கென்றும் ஏற்றதே வணக்கமாகும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்ததாக திர்மிதீயில் வருகிறது. அதன் அறிவிப்புத் தொடர் பற்றி இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்களே குறை சொல்லியிருப்பினும், தஃப்ஸீர் ஆசிரியர்கள் அதை எடுத்தாண்டுள்ளார்கள். நாம் அதைப் பாடமாக நடத்தும்போது, குருமார் என்ற சொல் நம்மையும் தொடும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

அடுத்த ஜமாஅத் கூட்டத்தில், நிக்காஹுக்குக் கொடுக்கும் மனுப் படிவத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெற்ற ரொக்கம், நகை ஆகியவற்றைக் குறிக்க ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்டோம். 11 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் பாயைப் பார்த்தார்கள். ஒருவர், "ஹஸரத், இது குடும்ப விஷயம்" என்றார். இன்னொருவர் வீட்டில் அடுத்த மாதம் நிக்காஹ். அவர் எழுந்து போய்விட்டார். நாமும் வாயை மூடிக்கொள்ளலாமா என்று எண்ணிய வேளையில், கடைசியில் அமர்ந்திருந்த ஒரு பெரியவர், தம் மூன்று மகள்களுக்கும் கொடுத்தவர், "ஹஸரத் கேட்பது சரிதானே?" என்றார். அதன் பிறகு இன்னும் இருவர் பேசினார்கள்.

முடிவு எதுவும் ஆகவில்லை. அடுத்த கூட்டத்தில் மீண்டும் எடுத்துக்கொள்வதாக முத்தவல்லி குறித்துவைத்திருக்கிறார். அந்த இளைஞர் இப்போது மஃரிபுக்கும் இஷாவுக்கும் பள்ளிக்கு வருகிறார். ஒவ்வொரு முறையும் கூட்டம் எந்தத் தேதியில் என்று கேட்டுவிட்டுப் போகிறார்.